ஆறு எண்ணும் நேரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில், மேல் டிவிஷன் ஆபீஸுக்கு அதற்குச் சில மாதம் முன்புதான் எனக்கு மாற்றல் வந்திருந்தது. நான் அங்கே கிளார்க். வயது நாற்பத்து மூன்று. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு மஸ்டர் எடுப்பது, பகலில் ரிஜிஸ்டர் எழுதுவது என்று காலம் தள்ளுகிறவள். அதைவிட முக்கியமாக, எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். அந்தக் கர்வம்தான் இந்தக் கதையில் வில்லன். கரடி இரண்டாவதுதான்.

முதலில் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலக் காதல் பாட்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதைப் படிப்பதை விட்டுவிட்டு அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சர்ச் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கேக் வெட்டும் நேரத்தில் அந்தப் பாட்டு ஓடாவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரியே இருக்காது. ஆரம்பத்தில் பியானோ மட்டும் மெதுவாக வரும். பாடுகிறவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடுவார். முக்கால் பாட்டு முடிந்ததும் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். குரல் இல்லை, பியானோ இல்லை, ஒன்றுமே இல்லை. நிதானமாக ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணலாம். ஆறு முடிந்த நொடியில் டிரம்ஸ், வயலின், குரல் எல்லாம் சேர்ந்து உச்சத்தில் வெடிக்கும்.

அந்த ஆறு எண்ணும் நேரத்துக்காகவே பாட்டைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பாடகர் குழுவின் மாஸ்டர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், சரியான சிடுமூஞ்சி. அந்த இடம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஊட்டியில் பேக்கரி வைத்திருக்கும் என் நாத்தனார் கையில் மாவோடு அப்படியே நின்றுவிடுவாள். போனில் அந்தப் பாட்டைத் திறந்தால் கீழே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் தங்கள் மனதைக் கொட்டி எழுதியிருப்பார்கள். எனக்கு மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அதைப் படிப்பது ஒரு பழக்கம். படித்து அழுவதும் ஒரு பழக்கம்.

அந்தப் பழக்கத்தை அக்காவுக்கும் ஒட்ட வைத்தேன். அக்கா என்று நான் சொல்வது எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசராக, தானும் கூடவே பறிக்கிறவராக இருந்தவரை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா அம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். நாங்கள் மஸ்டர் என்று சொல்வதை அவர் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார். ஆங்கிலப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. முதல் தடவை கேட்டபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு, “யாரு செத்துப் போனாங்க கிளார்க்கம்மா?” என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆனால் கீழே எழுதியிருந்தவற்றைத் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் அக்கா மாட்டிக்கொண்டார். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில் ஒரு லாரி டிரைவர், மனைவி இறந்த பிறகு பக்கத்து சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை என்றும், இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போவதாகவும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அக்கா தினமும் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே, “அந்த லாரிக்காரரு இன்னிக்கு எதாச்சும் எழுதியிருக்காரா?” என்று கேட்பார். அவர் ஒரே ஒரு தடவை எழுதியதோடு சரி என்று சொன்னால் நம்ப மாட்டார். “சாப்ட்டாரோ என்னமோ” என்பார். இப்படித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பாட்டால் ஒரு நெருக்கம் வந்தது.

இப்போது வழியைப் பற்றி. எங்கள் ஆபீஸிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலை. பாதி வழியில் ஒரு வளைவு வரும். அங்கே ஒரு பக்கம் தேயிலை முடிந்து சோலைக் காடு தொடங்கிவிடும். கரடி நடமாட்டம் உண்டு. எங்கள் எஸ்டேட்டில் அந்த வளைவை யாரும் சத்தம் போடாமல் கடப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தர் கையில் காலி பிஸ்கட் தகரம் இருக்கும், தட்ட ஒரு குச்சியும் இருக்கும். வளைவுக்கு இருபதடி முன்னால் தட்ட ஆரம்பித்து, ரோட்டோரக் கல் தெரியும்வரை தட்டிக்கொண்டே போவார்கள். கரடிக்கு நம் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. நாம் வருவது முன்பே தெரிந்தால் அது பாட்டுக்கு ஒதுங்கிவிடும். பக்கத்தில் போன பிறகு தெரிந்தால்தான் ஆபத்து. இது எங்கள் டிவிஷனில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நானும் தலையை ஆட்டியிருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம். ரிசப்ஷனில் அந்தப் பாட்டை ரெக்கார்டு போடாமல் நேராகப் பாட வேண்டும் என்று பெண் வீட்டார் ஆசைப்பட்டார்கள். பாடப்போவது நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒத்திகையில் அந்த ஆறு எண்ணிக்கைக்குப் பிறகு உச்சத்தில் நுழைகிற இடம் எனக்கு வசப்படவே இல்லை. ஒரு நாள் சீக்கிரம் நுழைவேன், ஒரு நாள் தாமதமாக. மாஸ்டர் எல்லோர் முன்னாலும், “உனக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டார். கணக்கு வாத்தியார் அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்! எனக்கு மானம் போயிற்று. ஆகவே ஒரு குட்டி புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் பாட்டைப் போட்டுக் கூடவே பாடிப் பழகினேன்.

வியாழக்கிழமை ஒத்திகை நான்கரைக்கு. மூன்றரைக்கே பர்மிஷன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மற்ற பெண்கள் ஐந்து மணிக்குத்தான் இறங்குவார்கள். அன்று பனி மூட்டம் மிக அதிகம். பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. “தனியாவா போறீங்க? நல்லா இருக்குதே!” என்று சொல்லி, பாதி வேலையை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா என்னோடு வந்தார். முதுகில் காலி கொழுந்துப் பை. தோளில் பழைய கம்பளி. கையில் தகரம்.

நடக்க ஆரம்பித்ததும் நான் பாட்டைப் போட்டேன். வளைவு நெருங்கியது. அக்கா தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். டக டக டக டக என்று. பாட்டின் தாளம் ஒன்று, அக்காவின் தாளம் ஒன்று. எனக்கு எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடி தப்பியது.

“ஏனுங்கக்கா, அந்தத் தகரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். தாளம் கெடுதுங்க” என்றேன்.

அக்கா நின்று என்னைப் பார்த்தார். “எடம் சரியில்லையே.”

“பாட்டுதான் சத்தமா ஓடுதே, அக்கா. கரடிக்கு இங்கிலீஷ் பாட்டு கேட்காதுங்களா?”

பெரிய நகைச்சுவை செய்துவிட்டதாக நானே சிரித்தேன். அக்காவும் மரியாதைக்குச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தகரத்தைக் கொழுந்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆபீஸ் அம்மா ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற முப்பது வருடப் பழக்கம் அவருக்கு. அந்தப் பழக்கத்தை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாட்டு முதலிலிருந்து ஓடியது. அக்கா இரண்டு எட்டு முன்னால், நான் பின்னால். பியானோ. பிறகு குரல். நானும் மெல்லிய குரலில் கூடவே பாடினேன். வளைவின் நடுவில் இருந்தோம். பாதையோரம் புது மண் தோண்டிக் கிடந்தது. அக்கா அதைக் குனிந்து பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் என் மனசு வரப்போகும் அந்த இடத்தில்தான் இருந்தது. பாட்டு நின்றது.

ஒன்று.

இரண்டு. அப்போதுதான் கேட்டது. சூடான டீயை யாரோ உஸ்ஸென்று உறிஞ்சிக் குடிப்பது மாதிரி ஒரு சத்தம். வலது பக்கம், மிக அருகில். எனக்கு ஒரு கணம் அங்கே யாரோ வாட்சர் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்றே தோன்றியது.

மூன்று. அக்காவின் கை பின்பக்கமாக நீண்டு, என்னை நில் என்று காட்டியது. பனி கொஞ்சம் விலகியது. பாதையிலிருந்து எட்டடி தூரத்தில் ஒரு கறையான் புற்று உடைந்து கிடந்தது. அதற்குள் மூஞ்சியை முழுசாக நுழைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருவம். முதுகு மயிர் ஈரத்தில் சிலிர்த்திருந்தது. அது தன் உறிஞ்சல் சத்தத்தில் தானே மூழ்கியிருந்தது. நாங்கள் வந்ததே அதற்குத் தெரியவில்லை.

நான்கு. அப்படியே பின்வாங்கினால் தப்பித்துவிடலாம். அக்காவும் அதைத்தான் செய்தார், ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். ஆனால் திரும்பி என்னைப் பார்த்த அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்காவுக்கும் அந்தப் பாட்டு அத்துப்படி. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்கும் தெரியும்.

ஐந்து. போன் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள். கையில் கம்பளி கிளவுஸ். ஸ்பீக்கரின் பட்டனைத் துழாவினேன். தடித்த விரலுக்கு எது பட்டன், எது விளிம்பு என்று தெரியவில்லை. வாயால் கிளவுஸைக் கடித்து இழுத்தேன். ஆண்டவரே, இந்த ஒரு தடவை பாட்டு தாமதமாக வரட்டும் என்று வேண்டினேன். ஆனால் அது ரெக்கார்டு. என்னை மாதிரி எண்ணிக்கை தப்பாது.

ஆறு முடிந்தது. டிரம்ஸும் வயலினும் அந்தக் குரலும் ஒன்றாக வெடித்தன. கரடி புற்றிலிருந்து மூஞ்சியை உருவிக்கொண்டு இரண்டு காலில் எழுந்து நின்றது. முகமெல்லாம் சிவப்பு மண். அது போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்து தெரியவில்லை. அக்கா இரண்டு கையாலும் என் நெஞ்சில் ஓங்கித் தள்ளினார். நான் தேயிலை வரிசைக்கு நடுவில் மல்லாந்து விழுந்து குப்புறப் புரண்டேன். ஸ்பீக்கர் பையிலிருந்து தெறித்து எங்கேயோ செடிக்குள் போய் விழுந்தது. விழுந்தும் நிற்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. பிடரியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். அக்கா ஒரு தடவை அலறியது கேட்டது. துணி கிழிவது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, செடிக்குள்ளிருந்து, அந்தப் பாட்டின் கடைசிப் பகுதி முழு சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உன்னை விட்டுப் போக மாட்டேன் என்கிற அர்த்தத்தில் வரும் வரிகள். எத்தனை கல்யாணத்தில் கண்ணீரோடு கேட்டிருக்கிறேன்! அன்று அந்த வரிகள் முடிகிற வரைக்கும் நான் படுத்தே கிடந்தேன்.

பாட்டு முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. தலையைத் தூக்கினேன். கரடி இல்லை. பாதையில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தார். கொழுந்துப் பை நார் நாராகக் கிழிந்திருந்தது. முதல் அடி அந்தப் பையில் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தே போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். வலது தோளிலிருந்து முழங்கை வரை கம்பளி ரத்தத்தில் நனைந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. என் சால்வையை எடுத்துத் தோளை இறுக்கிக் கட்டினேன். கட்டும்போதே சோலைப் பக்கம் சருகு நொறுங்கியது. அது போகவில்லை. அங்கேயேதான் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

போனில் டவர் இல்லை. அந்த வளைவில் எப்போதும் இருக்காது. தகரத்தைத் தேடினேன். பை கிழிந்தபோது உருண்டு சரிவில் எங்கேயோ போய்விட்டது. சத்தம் போட வேண்டும், நிறுத்தாமல் போட வேண்டும், அக்காவையும் நடத்திக் கொண்டு போக வேண்டும். என்னிடம் இருந்தது என் தொண்டை மட்டும்தான். இருபது வருடம் பாடிய தொண்டை. வாயைத் திறந்தேன். ஒரு பாட்டு வரவில்லை. ஒரு கீர்த்தனை வரவில்லை. ஜெபம்கூட முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. பயம் வந்தால் படித்தது மறந்துபோகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் தானாக ஒன்று வந்தது. மஸ்டர். தினமும் காலையில் ஏழரை மணிக்கு ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நான் கூப்பிடுகிற நாற்பத்தேழு பெயர்கள். முதல் பெயரைக் கத்தினேன். இரண்டாவது பெயர். மூன்றாவது. அக்காவின் நல்ல கையை என் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அடி அடியாக இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர். பின்னால் செடி அசைகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் உரக்கக் கத்தினேன். பதினாறாவது பெயர் வந்தது. அதற்கடுத்தது அக்காவின் பெயர். அதை மட்டும் கூப்பிட என்னால் முடியவில்லை. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? தாண்டி அடுத்த பெயருக்குப் போனேன். பட்டியல் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அந்த ஒரு பெயரைத் தாண்டினேன்.

என் தோளில் சாய்ந்திருந்த தலை லேசாக அசைந்தது. காற்று மாதிரி ஒரு குரல். “என் பேர உட்டுட்டீங்களே, கிளார்க்கம்மா.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அக்காவின் பெயரைக் கத்தினேன். “இருக்கேன்” என்றார், தினமும் காலையில் சொல்கிற அதே மாதிரி. அதற்குப் பிறகு நான் வேறு யார் பெயரையும் கூப்பிடவில்லை. அந்த ஒரு பெயரையே கூப்பிட்டேன். அவர் இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு தடவை பதில் வரவில்லை. அந்த இரண்டு தடவையும் நான் நின்றுவிட்டேன். கரடியைப் பற்றிய பயம் அப்போது போய்விட்டது, அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

கொழுந்து ஏற்றும் டிராக்டர் டிரைவர் அப்போது மேலே ஆபீஸ் பக்கம் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பனிக்குள் யார் மஸ்டர் எடுப்பது என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தன் பெயரும் அதில் கேட்டதும் என்னவோ விபரீதம் என்று புரிந்துகொண்டார். மேலேயிருந்து பத்துப் பதினைந்து பேர் தகரத்தைத் தட்டிக்கொண்டும் கூச்சல் போட்டுக்கொண்டும் ஓடி வந்தார்கள். அந்தத் தகரச் சத்தம் அன்று என் காதில் விழுந்தபோது, அதைவிட நல்ல சங்கீதத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அக்காவைக் கம்பளியில் வைத்துத் தூக்கினார்கள். எஸ்டேட் ஜீப்பில் முதலில் கோத்தகிரி, அங்கிருந்து ராத்திரியே கோயம்புத்தூர்.

மூன்று நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்க விட்டார்கள். அதற்குள் ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் அந்த வழியில் நடந்தவர், ஏன் தகரம் தட்டவில்லை? நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பாவம் என்று பார்த்தார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தேன். அக்காவின் மகள் வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும், “அம்மா கை தவறி தகரத்த கீழ போட்டுட்டாங்களாம். வனத்துறைக்காரங்ககிட்டகூட அப்படித்தான் சொன்னாங்க” என்றாள்.

உள்ளே போனேன். தோளில் பெரிய கட்டு. முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில், “கல்யாணத்துல பாடினீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அடடா” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். என்னால் தாங்க முடியவில்லை. என் மேல் கோபம் இல்லையா, அந்தப் பாட்டு மேலாவது கோபம் இல்லையா என்று கேட்டேன்.

அக்கா நல்ல கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “பாட்டு என்னாங்க பண்ணும்? அது வாய மூடுனதுனாலதான் அந்த உறிஞ்சுற சத்தமே எனக்குக் கேட்டுச்சு. மூடலைன்னா நேரா போயி கரடி மேலயே ஏறியிருப்போம்ல.”

அதே ஆறு எண்ணிக்கை. மாஸ்டருக்கு அது கண்ணாடியைக் கழற்றுகிற இடம். எனக்கு அது என் வாழ்க்கையில் மிக நீளமான ஆறு நொடி. அக்காவுக்கு அது எங்களைக் காப்பாற்றின இடம். அப்படித்தான் சொல்கிறார்.

மறுநாள் காலை மஸ்டரில் ரிஜிஸ்டரைத் திறக்கும் முன், நாற்பத்தாறு பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். தகரத்தை நிறுத்தச் சொன்னது நான் என்று சொன்னேன். கரடிக்கு முன்னால் பயந்தது வேறு, இது வேறு. அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும், “அவங்களுக்குக் கை வரட்டும். அப்புறமாப் பேசிக்கலாம்” என்றாள். ஒரு மூன்று மாதம் என்னோடு யாரும் தேவைக்கு மேல் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அக்காவுக்குக் கை வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. தோளுக்கு மேலே தூக்க முடியாது. தலைமுடியை மகள்தான் வாரிவிடுகிறாள். கொழுந்துப் பையை இனிமேல் சுமக்க முடியாது என்பதால் எஸ்டேட்டில் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். இடது கையால் நாற்றுப் பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருப்பார். “வாங்க கிளார்க்கம்மா” என்று முன்னைப் போலவே சிரிப்பார்.

நான் பாடகர் குழுவில் இன்னும் பாடுகிறேன். அந்தப் பாட்டை மட்டும் பாடுவதில்லை. போன மாதம் ஒரு ரிசப்ஷனில் அதைப் போட்டார்கள். அந்த இடம் வந்தது. மண்டபத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு லயித்திருந்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ரசனையே இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மௌனம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அக்கா உண்மையாகவே நம்புகிறாரா, இல்லை என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் எனக்குப் பிடித்த ஒன்று அழகாக ஒலிக்கும்போதெல்லாம், அதற்காக என் பக்கத்தில் நடந்து வருகிற யாராவது தங்கள் சத்தத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார்களா என்றுதான் இப்போது முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.